கடேற் படமும் அம்மாவின் கையெழுத்தும்

போன வியாழன் பின்னேரம் மார்க்கம் வீதி பஸ்ஸில் ஒரு பிள்ளை ஏறினாள். பதின்மூன்று வயதிருக்கும். நீல யூனிபோம், தலையில் சரிந்த தொப்பி, மார்பில் பெயர்ப்பட்டி. எங்களுடைய தமிழ்ப் பெயர்தான், இங்கிலீஷ் எழுத்தில் நெருக்கிப் பிடித்து நின்றது. இருக்க இடமிருந்தும் அவள் இருக்கவில்லை. இருந்தால் காற்சட்டையின் மடிப்புக் கலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். போனில், "அம்மா, பஸ்ஸில நிக்கிறன், ஐம் ஃபைன், வாறன்" என்றாள். அவளுடைய சப்பாத்திலிருந்து கறுப்புப் பொலிஷ் மணம் வந்தது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்து, நான் இறங்க வேண்டிய தரிப்பை விட்டுவிட்டேன். இரண்டு தரிப்பு திரும்பி நடந்தேன். நடந்தது நல்லதுதான். இதெல்லாம் ஒழுங்காக நினைவு வருவதற்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டதில்லை. ஆறு மாதம் பனிச் சப்பாத்து, ஆறு மாதம் செருப்பு. இதில் எங்கே பொலிஷ்? அப்படியொரு பொருள் இருக்கிறதென்று நான் கண்டுபிடித்ததே ஒரு பழைய ஹொலிவூட் படத்தில். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு இராணுவக் கல்லூரி, அதில் புதிதாகப் பயிற்சிக்கு வந்து சேரும் மாணவன், ஒரு கடேற், தலைக்கனம் பிடித்த பெடியன். முதல் நாளே வரிசையில் நிற்கும்போது, பளபளக்கும் தன் சப்பாத்து நுனியில் முகம் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்வான். அதிகாரி வந்து முன்னால் நின்று கத்த, "சேர், உங்கட கட்டில் என்ர காலுக்குக் கட்டை, நீளம் காணாது" என்பது போல ஒரு பதில் சொல்வான். நான் அந்த இடத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி மறுபடி பார்த்தேன். வீடியோ நாடா தேய்ந்து அவன் முகத்தில் வெள்ளைக்கோடு விழுந்தது.

படம் நூலகத்திலிருந்து வந்தது. எங்கள் ஸ்காபரோ அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த நூலகத்தில் ஒரு மூலை முழுக்க வீடியோ நாடாக்கள். வெயில் பட்டு வெளிறிய அட்டைப் பெட்டிகள். மற்றப் பிள்ளைகள் புதுப் படங்களுக்கு வரிசையில் நிற்க, ஒருவரும் தொடாத பழசுகளை நான் அள்ளிக்கொண்டு வருவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போதும் தெரியாது. அந்த நாட்களில் எனக்கு எதிலும் அரைப் பிடிப்பு என்பது கிடையாது. பிடித்தால் பைத்தியம், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

அந்தப் படத்தை ஒரு கிழமையில் நான்கு தரம் பார்த்து முடித்திருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு உண்மையான கடேற் அணியிலிருந்து இரண்டு பேர் வந்து பேசினார்கள். பிள்ளைகளுக்கு அணிநடை, முகாம், கிளைடர் விமானத்தில் பறக்கப் பயிற்சி. காசு கட்டத் தேவையில்லை. ஒரு விண்ணப்பப் போம் மட்டும் நிரப்ப வேண்டும், கீழே பெற்றோர் கையெழுத்து. நான் அன்றே என் பங்கை நிரப்பிவிட்டேன். அப்பா போமைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அம்மாட்டைக் கேள்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு யூனிபோம் என்றால் அது எந்த யூனிபோம் என்று பார்க்கிற பழக்கம் இல்லை. பஸ்ஸில் ரிக்கற் பார்க்கிறவர், கடை வாசலில் நிற்கும் காவலாளி, எல்லாரும் ஒன்று. யாராவது யூனிபோமோடு கிட்ட வந்தால், கேட்கமுதலே கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டுவார். ஒருமுறை எங்கள் மாடியில் தீ அலாரம் அடித்து, தீயணைப்புக்காரர் படியேறி வந்தார்கள். மற்ற வீட்டுக்காரர் பிள்ளையும் போர்வையுமாக ஓட, அம்மா எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் போட்ட பிளாஸ்ரிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். தீயணைப்புக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அம்மா சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் எத்தனை தரம் எந்த எந்தச் சந்தியில் இராணுவச் சோதனைக்கு அப்படி நின்றார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. எட்டு வயதிலிருந்து நான்தான் அம்மாவின் மொழிபெயர்ப்பாளர். டொக்ரரிடம், வங்கியில், அடுக்குமாடி அலுவலகத்தில், எங்கும். எங்கள் மாடியில் என்னைப் போல இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள், ஒவ்வொருவரும் அந்தந்த வீட்டின் வாய். வேலையில் நான் கெட்டிக்காரி, கொஞ்சம் கூடின கெட்டிக்காரி. வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள் என்று ரீச்சர் முறையிட்டால், அது அம்மாவிடம் போய்ச் சேரும்போது, வகுப்பில் நன்றாகப் பங்குபற்றுகிறாளாம் என்று ஆகியிருக்கும். பொய் என்று நான் நினைக்கவில்லை. சீவிச் சிங்காரித்துக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே திட்டம் இயல்பாகவே வந்தது. அம்மாவுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது. தமிழில் நானே சொல்வது. அந்தத் தலைக்கனக்காரனை யாருக்குத்தான் பிடிக்காமல் போகும்? அவனைப் பிடித்துவிட்டால், கல்லூரி பிடிக்கும். கல்லூரி பிடித்தால் போம். ஒரேயொரு சிக்கல், அது இராணுவக் கல்லூரி. அதை மட்டும் கொஞ்சம் சீவி விடலாம்.

சனிக்கிழமை மத்தியானம். கீழே சலவை அறையிலிருந்து கொண்டுவந்த துணிகள் இன்னும் சூடாகச் சோபாவில் குவிந்திருந்தன. அம்மா ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு பார்த்தார். நான் நிலத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். இது ஒரு பெரிய போர்டிங் கொலிஜ். எல்லாரும் பாண்ட் வாத்தியம் பழகுகிறார்கள், அதுதான் ஒரே மாதிரி உடுப்பு. கட்டில் கட்டையென்று அவன் சொன்ன இடத்தில் அம்மா சிரித்தேவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்து என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

பிறகு மைதானம் வந்தது. நூறு பேர் வரிசையில், நூறு தோளில் துவக்கு, நீட்டுத் துப்பாக்கிகள். நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. "உது பாண்ட் கோல் அம்மா, சுழற்றுறதுக்கு" என்றேன்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துவாயை மடியில் வைத்தார்.

"உது துவக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"துவக்கெண்டு சொல்லு பிள்ளை. நான் துவக்குக் காணாதவளே?"

யோசித்துப் பாருங்கள். இந்த உலகத்தில் எத்தனையோ பேரிடம் ஒரு துவக்கைக் காட்டி வாத்தியக் கோல் என்று சொல்லித் தப்பலாம். நான் தெரிந்தெடுத்த ஆள் என் அம்மா. பதின்மூன்று வயதில் எனக்கிருந்த புத்தியின் அளவு அது.

அவர் கோபப்படவில்லை. முதலிலிருந்து போடச் சொன்னார். இந்தமுறை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நான் பின்னுக்கு ஓட்டினேன், சொன்னேன். கொலிஜ் இராணுவக் கல்லூரியானது, வாத்தியார் தளபதியானார். துணி மடிப்பது நின்றுவிட்டது. தலைக்கனக்காரன் தளபதியை எதிர்த்துக் கதைத்து, அதற்குத் தண்டனையாக மழையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கும் காட்சியில் அம்மா நிறுத்தச் சொன்னார்.

"உப்பிடிக் கதைச்சதுக்கு நடக்க மட்டுமோ விட்டவை?"

ஓம் என்றேன்.

"அடிக்கேல்லையே?"

இல்லை என்றேன். மாற்றிச் சொல்கிறேனோ என்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிது. படம் முடிந்ததும், இதை ஏன் போட்டாய் என்று கேட்டார். போமை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல், வேறென்னென்ன மாற்றிச் சொன்னனீ என்று கேட்டார். ரீச்சர் சொன்னதைச் சொன்னேன். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்ன டொக்ரர், தூள்கறியையும் குறைக்கச் சொன்னதை நான் விழுங்கியதைச் சொன்னேன். (எனக்கு அந்தக் கறி விருப்பம்.) சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் சிறுத்துக்கொண்டு வந்தது. ஏச்சு விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த கிழமை பல்லு டொக்ரரிடம் போக, அம்மா மேல்மாடி ராணி அன்ரியைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை வீட்டில் இருந்து படிக்கச் சொன்னார். லிஃப்ற் கதவு மூடும்வரை நான் வாசலில் நின்றேன். போம், கிளைடர், தொப்பி எல்லாம் ஒரு பக்கம் போனது. ஐந்து வருடம் பார்த்த வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள், அதுவும் என் அம்மா. அந்தப் படத்துப் பெடியன் விறைத்துக்கொண்டு மழைக்குள் நடந்தானே, அதே விறைப்பு எனக்கும் வந்தது. இந்த வேலையை நான் திரும்ப எடுப்பேன் என்று நினைத்தேன். கெஞ்சி இல்லை, செய்து காட்டி.

நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது. ராணி அன்ரிக்கு அன்று வேலை. வேறு வழியில்லாமல் அம்மா என்னோடு வந்தார். ரீச்சர் மனதிலிருந்த எல்லாவற்றையும் கொட்டினார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் கொடுத்தேன். இவள் கெட்டிக்காரி, ஆனால் அது தனக்குத் தெரியுமென்று எல்லாருக்கும் காட்டுகிறாள். மற்றவர்களைப் பேச விடுகிறாள் இல்லை. விதிகள் மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறாள். என் வாயாலேயே என்னைப் பற்றி. ரீச்சருக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில், ஆனாலும் நல்ல பிள்ளை என்று சேர்த்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா, "கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டபிறகுதான் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, அந்தக் கடேற் கூடும் இடம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

கடேற் அணி கூடியது ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். தரையெல்லாம் பொலிஷ் மணம். இருபது முப்பது பிள்ளைகள் ஒருவர் சப்பாத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பொறுப்பதிகாரி உயரமான மனிதர், நரைத்த மீசை, முழு யூனிபோம். அவர் கைகொடுக்க வந்தார். அம்மாவின் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய், பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது. என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்கச் சொன்னார்.

"இவள் இனி வரேல்லையெண்டு சொன்னா, விடுவீங்களோ?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். அதிகாரிக்குக் கேள்வி விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எப்போதும் போகலாம், உடுப்பைத் திருப்பித் தந்தால் போதும் என்றார். அதை அப்படியே சொன்னேன். அம்மா தலையாட்டினார், ஆனால் நகரவில்லை. பிறகு என்னைத் தாண்டி ஓரடி முன்னால் போய், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, தானே கேட்டார்.

"ஷீ சே நோ... யூ லெற் கோ?"

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "யெஸ், மேடம்."

ஜிம் சுவரில் போமை வைத்து அம்மா கையெழுத்துப் போட்டார். சுவர் சொரசொரப்பு, எழுத்து நடுங்கினாற்போல் விழுந்தது. சுவரால்தான் என்று அன்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கடேற்றாக இருந்தேன். கிளைடரில் ஒருதரம் பறந்தேன், மூன்றுதரம் வாய்க்கொழுப்புக்கு ஜிம் தரையைக் கூட்டினேன். பிறகு பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் குழுவொன்று தொடங்க, என் பைத்தியம் அந்தப் பக்கம் திரும்பியது. விலகப் போகிறேன் என்றதும் அம்மா வேலைக்கு லீவு போட்டார். அதற்குள் அவர் பின்னேர இங்கிலீஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தார், அந்த ஜிம்மிலிருந்து வந்த கிழமையே பெயரைப் பதிந்தவர். உடுப்பெல்லாம் தோய்த்து, அயர்ன் பண்ணி, ஒரு பையில் கொண்டுபோனோம். அதிகாரியோடு முழுக்கக் கதைத்தது அம்மாதான். அதிகாரி தொப்பி, பெல்ற், காற்சட்டை என்று சரிபார்த்து, தாளில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, நல்லாயிரு என்றார். அம்மா அசையாமல் நின்றார். "ஃபினிஷ்?" என்றார். அவ்வளவுதான் என்றார் அவர்.

வெளியே பஸ் தரிப்பில் வந்து நின்றபிறகுதான் அம்மா மூச்சு விட்டார்.

"விட்டிட்டாங்கள்" என்றார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது, எனக்கில்லை.

அந்த நூலகத்தில் இப்போது நாடா மூலை இல்லை, அந்த இடத்தில் கணினிகள். படம் மற்ற நாடாக்களோடு எங்கே போனதோ, தேடிப் பார்க்கவும் நான் விரும்பவில்லை. பிக்கரிங்குக்கு வீடு மாறியபோது வீடியோப் பெட்டியை யாரோ கொண்டுபோனார்கள். அம்மா தன் டொக்ரரிடம் தானே போகிறார், வங்கிக்காரரோடு தானே சண்டை பிடிக்கிறார். இங்கிலீஷ் படங்கள் பார்க்கிறார், எனக்கு முன்பாகவே சிரிக்கிறார். நான் விரும்பியதெல்லாம் இதுதான், இப்போதும் இதுதான் வேண்டும். ஆனாலும் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் படத்தில் யாராவது பேசினால் அம்மா ரீவியைப் பார்க்கமாட்டார். கதாநாயகன் அழுதாலும் சிரித்தாலும், என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அவர் நேரே பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் என் பக்கம் அந்த முகம் திரும்புவதில்லை.