கல்லுளிமங்கனைப் பேசவைத்த எண்ணெய்

அவளுக்குப் பொறாமை வந்தது இன்னொரு பெண்மீது அல்ல, ஒரு சின்னப் புட்டியில் இருந்த கஞ்சா எண்ணெய்மீது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். பிற்பாடு அவளே சிரித்திருக்கிறாள். ஆனால் அந்த வருடம் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

அவள் தையற்காரி. புதிதாகத் தைப்பவள் அல்ல, ஆல்டரேஷன் செய்பவள். பெரிய கடைகளில் வாங்கிய உடுப்புகள் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் அவள் வேலை செய்யும் கடைக்குத்தான் வரும். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், சதை போட்டவர்களுக்குப் பக்கவாட்டில் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பாள். ஊரில் யார் பெருத்தார்கள், யார் நோயில் விழுந்து எழுந்தார்கள் என்பதெல்லாம் அவள் கத்தரிக்கோலுக்குத் தெரிந்த பிறகுதான் உறவுக்காரர்களுக்கே தெரியும். எதைப் பார்த்தாலும் எங்கே பிசகு என்றுதான் அவள் கண் முதலில் போகும். அது தொழில் கொடுத்த கண்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். பேச்சுக்கு வரி போட்டால் அரசாங்கம் அவரை நம்பிப் பிழைக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான். "சாப்பாடு எப்படி இருக்கு?" என்பாள். அவர் தட்டைப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு, உப்பு கொஞ்சம் கம்மி" என்று அவளே சொல்லிக்கொள்வாள். பிள்ளைகள் இல்லை. ஆகவே இடையில் புகுந்து பேசவும் ஆள் இல்லை. ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. என்னிடம் பேசாவிட்டால் என்ன, வேறு யாரிடமும்தான் பேசுவதில்லையே.

ஒருநாள் அவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. முதுகெலும்பு தேறியது, நரம்பு தேறவில்லை. இடது காலுக்குள் யாரோ சூடான கம்பியை நுழைத்து இழுக்கிற மாதிரி ஒரு வலி தங்கிவிட்டது. கொடுத்த மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு ஆளைத்தான் சுருட்டிப் போட்டன. கடைசியில் வலி மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வாழ்ந்த நாட்டில் டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல" என்றாள். குடும்பத்துக்கு இல்லை, நரம்புக்குத்தான் மருந்து என்று டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். நாக்குக்கு அடியில் சொட்டுவிட வேண்டும், குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும், வாய் உலரும், பசிக்கும், நேரம் நீண்டுபோவது மாதிரி தோன்றும், சிலருக்குப் பயமும் சந்தேகமும் வரும், வேறு யாரும் தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் விளக்கினார். அவள் புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நூல்கண்டு அலமாரியில் பூட்டி வைத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அளவு கொஞ்சம் ஏறிய பிறகு ஒரு சாயங்காலம் அவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தின்னவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு சுளைக்கும் ஒரு தோல் இருக்கு" என்றார். "அதைப் பிரிச்சா உள்ள ஒவ்வொரு முத்துக்கும் தனித்தனியா ஒரு தோல். யாரு இவ்வளவு மெனக்கெட்டது?"

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. இத்தனை வருடம் அவள் காத்துக்கிடந்த பேச்சு ஒரு பழத்துக்குப் போய்விட்டது. "நாரை எடுத்துட்டுத் தின்னுங்க, வயித்துக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஃபிரிஜ் ஓடி நின்றதும் வீடு பெரிதாகிவிடுகிறது, கவனித்தாயா என்று கேட்டார். அது ரொம்ப நாளாகவே கத்துகிறது, ரிப்பேர்காரனைக் கூப்பிட வேண்டும் என்றாள் அவள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "இருக்கு. ஆனா பக்கத்து ரூம்ல இருக்கு" என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தங்கை வர ஆரம்பித்த பிறகுதான் அவள் வயிறு முழுசாக எரியத் தொடங்கியது.

தங்கை இரண்டு தெரு தள்ளி பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். கட்டியவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்தவள். ஆனால் அழுத முகத்தோடு அவளை யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் சேராத கூட்டத்தோடு சேர்ந்து மொட்டை மாடியில் கஞ்சா புகைத்து, வீட்டில் மாட்டிக்கொண்டு, அப்பாவிடம் அடிகூட வாங்காமல் தப்பியவள். அக்காள் அதே வயதில் ஒரு சினிமாவுக்குப் போனதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத அப்பா அவர். தங்கை அந்தப் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டாள். ஆனால் மறக்கவில்லை.

அத்தானைப் பார்க்க வந்தவளிடம் அவர் எதேச்சையாக அந்த ஃபிரிஜ் விஷயத்தைச் சொன்னார்.

"ஆமா அத்தான், சத்தத்துக்கு உள்ள போய் உக்காந்த மாதிரி இருக்கும்" என்றாள் தங்கை. "அப்புறம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியூரில் சொந்த ஊர்க்காரனைக் கண்டவன் மாதிரி முகம் மலர்ந்தது. அதன் பிறகு இருவரும் அந்த ஊரின் தெருக்களைப் பற்றியே பேசினார்கள். ஒரு பாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு மூலையில் நிற்பது, ஒரு எண்ணம் பாதியில் கையைவிட்டுப் போவது, இப்போதுதான் உட்கார்ந்தோம் என்று நினைத்தால் தேநீர் ஆறிப்போயிருப்பது. அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே போகாதவள் வழி சொல்ல முடியுமா?

தங்கை வந்தால் கூடத்தில் சிரிப்புச் சத்தம். அவள் போனால் பழையபடி இடித்த புளி. இவள் உள்ளே புகைந்தாள். அவருடைய சொட்டு எண்ணெயைவிட அதிகப் புகை இவளிடம்தான் இருந்தது. கடையிலும் கை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் புதுக் கால்சட்டையில் இடது காலை மட்டும் ஒரு சாண் குறைத்துவிட்டாள். என்ன விஷயம் என்று பிடுங்கிக் கேட்ட பக்கத்து மெஷின்காரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"சின்ன வீடுன்னா போய்ச் சண்டை போடலாம்" என்றாள் மெஷின்காரி. "சின்னப் புட்டியை என்னடி பண்ணுவே?"

என்ன பண்ணுவது என்று ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் முடிவு செய்தாள். அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஊரில், நானும் பார்த்துவிடுகிறேன். புட்டியை எடுத்துத் தேநீரில் சொட்டுவிட்டுக் குடித்தாள். துவைத்த துணிகளை எடுத்துவந்து மடிக்க உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று இன்னொரு தடவையும் விட்டுக் குடித்தாள். விழுங்கினால் மெதுவாகத்தான் ஏறும், ஏறினால் நின்று விளையாடும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். கை அதன் கையைப் பிடித்தது, பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் துணியில் ஒரு இழை மேலே போய், அடுத்தது கீழே போய், மறுபடி மேலே வருவதை விரல்நுனி ஒவ்வொன்றாகச் சொன்னது. இத்தனை காலம் துணியில் புரண்டவள் துணியை அன்றுதான் தொட்டாள். தண்ணீர் குடித்தாள். குளிர்ச்சி தொண்டையிலிருந்து வயிறுவரை எங்கெங்கே போகிறது என்று கோடு போட்டுக் காட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்துபோய் அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்னங்க, இங்க பாருங்க, இழை இழையா இருக்கு.

அப்போது கூடத்திலிருந்து தங்கையின் சிரிப்பு கேட்டது.

அவள் எப்போது வந்தாள்? அந்த ஒரு சிரிப்பில் எல்லாம் தலைகீழானது. நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. கூடத்தில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தாழ்ந்த குரலில் ஏன் பேச வேண்டும்? "கொஞ்சம் சாயுங்க அத்தான்" என்று கேட்டது. "அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்று கேட்டது. அது உண்மையிலேயே கேட்டதா என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. அறையிலிருந்து கூடத்துக்கு நாலு எட்டுதான். ஆனால் அவள் நடந்தாள், நடந்தாள், சுவர் நகரவே இல்லை.

கதவைத் திறந்தாள். அவர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தங்கையின் கை அவர் தலையில் இருந்தது. மறு கையில் கத்தரிக்கோல். கழுத்தைச் சுற்றித் துண்டு. தரையெல்லாம் முடி. சலூனுக்குப் போய் உட்கார முடியாதவருக்கு வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அக்காளின் கண்ணில் பட்டது அந்தக் கை மட்டும்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள்.

இருவருக்கும் புரியவில்லை.

"அப்பாவை எடுத்துக்கிட்டே. போகட்டும்னு விட்டேன். இப்ப இவரையுமா?"

தங்கை கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். அவர்தான் மனைவியின் சிவந்த கண்ணையும் உலர்ந்த உதட்டையும் முதலில் பார்த்தார். அதைக் குடித்தாயா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. நெஞ்சு வெடிக்கப்போகிறது, நான் சாகப்போகிறேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். தங்கை வந்து தாங்கி உட்காரவைத்தாள். "சாகமாட்டேக்கா. கூடிப்போச்சு, அவ்வளவுதான். தானா இறங்கிடும். மூச்சை மெதுவா விடு" என்று சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்தாள். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அக்காளின் மூச்சு சீரானதும் தன் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவர் தலையில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருந்தது.

அவர் காலை இழுத்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே ஒரு நாள் முழுக்கக் கழிந்துவிட்டது என்று நினைத்தாள். சுவரில் விழுந்த வெயில் அசையவே இல்லை.

"ஆரஞ்சுக்குப் பேச்சு இருக்கு" என்றாள். "ஃபிரிஜுக்கு இருக்கு. அவளுக்கு இருக்கு. எனக்கு மட்டும் இல்ல."

அவர் பிடித்த கையை விடவில்லை.

"முதல்ல உன்கிட்டதான் சொன்னேன்" என்றார். "ஆரஞ்சைப் பத்திச் சொன்னேன், நாரை எடுக்கச் சொன்னே. ஃபிரிஜைப் பத்திச் சொன்னேன், ரிப்பேர்காரனைக் கூப்பிடணும்னே. அவ 'அப்புறம்?'னு கேட்டா. அவ்வளவுதான் வித்தியாசம்."

மறுநாள் தலை பஞ்சுமூட்டையாக எழுந்தாள். முந்தின நாள் தன் வாழ்க்கையின் ரகசியமே விளங்கிவிட்டது என்று ஒரு கட்டத்தில் நம்பியிருந்தாள். அது என்ன என்று யோசித்துப் பார்த்தால், பட்டன் துளையைப் பற்றி ஏதோ ஒன்று. அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வெளுத்துப்போன சாயம் மாதிரி எல்லாம் போய்விட்டது. அவர் சொன்ன வார்த்தை மட்டும் போகவில்லை.

பாதித் தலையோடு அவர் எத்தனை நாள் இருப்பார்? துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவளே மீதியை வெட்டினாள். வரப்பு வெட்டின மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

சொட்டு விடுவதையும் சொல்லாமலேயே நிறுத்திவிட்டார். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார். பக்கத்து அறைக்குப் போயிருந்த வலி திரும்பி வந்தது. மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், அவளுக்கு முதலில் உள்ளூர ஒரு சந்தோஷம்தான். சிரிப்பு இல்லை, ஆரஞ்சு இல்லை, தங்கை இல்லை. பழைய கல்லுளிமங்கன் முழுசாகத் தன்னிடம் திரும்பிவிட்டான். ஆனால் ஒரு காலையில் அவர் செருப்பில் காலை நுழைக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியின் கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்ததில் அவர் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. அலமாரியைத் திறந்தாள். "வாயைத் திறங்க" என்றாள். சக்களத்திக்குத் தானே பாய் விரித்துக்கொடுக்கிறவள் மாதிரி, எண்ணி எண்ணி நாக்குக்கு அடியில் விட்டாள்.

அடுத்து தங்கையின் சலூனுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கிற வாய் அவளுக்கு இல்லை. ஆகவே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தங்கை துணியைப் போர்த்தி வெட்ட ஆரம்பித்தாள். முடிந்து பார்த்தால் காதுவரைதான் முடி இருந்தது.

"பழி வாங்கிட்டியா?"

"இல்ல, உனக்கு இதுதான் பொருந்தும்" என்றாள் தங்கை. பிறகு கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டபடி கேட்டாள். "அப்பாவை நான் எடுத்துக்கிட்டேன்னியே. அது கஞ்சா பேசினதா, நீ பேசினதா?"

ஆமாம், கஞ்சாதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"அப்ப சரி" என்றாள் தங்கை. "கஞ்சான்னு சொல்லியிருந்தா உன் வீட்டு வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்."

அந்த வாரமே வந்து அத்தானின் தலையைச் சரிசெய்தாள். இப்போதும் வருகிறாள், சிரிக்கிறாள், இவளுக்கு இப்போதும் சுருக்கென்கிறது. குணம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? எண்ணெயை அவள் அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் அவர் ஏதாவது சொன்னால் நாக்கு நுனிவரை வந்துவிடுகிற யோசனையை விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். முதலில் அது அவளுக்கே நாடகம் மாதிரி இருந்தது. பாதி நாள் அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் மட்டும் அவர் தானாகப் பேசினார். லிஃப்ட் குழியில் விழுந்து கிடந்தபோது மேலே அந்தப் பெட்டி இருட்டில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அது இறங்கி வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தாராம். கயிறுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். அப்போது வீட்டில் அவள் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை நினைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு கிடந்தாராம். அவள் ஒன்றும் திருத்தவில்லை. கடைசிவரை கேட்டாள்.

மறுநாள் தங்கையிடம் பேச்சோடு பேச்சாக, அத்தான் விழுந்த கதையை உன்னிடம் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டுப் பார்த்தாள். இல்லையே, அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை, ஏன் கேட்கிறாய் என்றாள் தங்கை.

சும்மாதான் என்றாள் அக்காள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.