ஒன்பது நாள் மாத்திரை போடாத அக்கா

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் பஸ் கண்டக்டர், பவர் கட், பக்கத்து வீட்டு நாய் என்று எதையெதையோ எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கவனித்தீர்களா? எழுத நினைத்தது வேறு. எழுத உட்கார்ந்தால் ஒரே குழப்பம். இப்போதும் குழப்பம்தான்... தெளியட்டும் என்று காத்திருந்தால் எழுதவே முடியாது போலிருக்கிறது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை அத்தானிடமிருந்து போன். அத்தான் என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர். அம்மாப்பேட்டை பக்கம் விவசாயம். நடவு நேரத்தில் அவர் யாருக்கும் போன் செய்கிற ஆள் இல்லை.

"உங்க அக்கா மாத்திரைய நிறுத்திட்டா விமலா. இன்னியோட ஒன்பது நாளாச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ கொஞ்சம் வாயேன்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. உள்ளே உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஆயுசுக்கும். "ஒரு வேளை மறந்தாலும் எனக்குப் போன் பண்ணணும்" என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். இவள் ஒன்பது நாள் போடவில்லை!

பஸ் பிடித்து ஓடினேன். வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அடுப்படியில் ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"நான் சொஸ்தமாயிட்டேன் விமலா. எனக்குக் குணமாயிடுச்சு."

நாங்கள் லுத்தரன் குடும்பம். எங்கள் கோயிலில் ஆராதனை புத்தகப்படி நடக்கும். நோயாளிகளின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள், எல்லோரும் ஆமென் சொல்வோம், அடுத்தது காணிக்கை. அக்கா ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவாள். ஒரு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் வெண்ணாற்றங்கரையில் இருக்கிற ஒரு ஜெப வீட்டுக்கும் போகிறாள். தகரக் கொட்டகை. கீபோர்டு, டிரம்ஸ், கைதட்டல், கண்ணீர். அங்கே பாஸ்டர் தானியேல் தலையில் கை வைத்து ஜெபித்தாராம். உடம்புக்குள் ஒரு சூடு இறங்கியதாம்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னாரா அவரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. எனக்கே தோணுச்சு. சொஸ்தமாயிட்டேன்னு நம்பிட்டு மாத்திரையும் போட்டா, அது என்ன நம்பிக்கை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"நீயும்தான் வாராவாரம் வியாதிக்காரங்களுக்காக ஜெபிக்கிற. நடக்கும்னு நெனச்சு ஜெபிக்கிறியா, இல்ல சும்மா வாசிக்கிறியா?"

சும்மா வாசிக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அக்கா பக்கத்தில் நின்றால் அந்த வால்வின் சத்தம் கேட்கும். கைக்கடிகாரம் மாதிரி, டிக் டிக் என்று. அடுப்படியில் அது மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. கத்தினேன். அவள் நிதானமாக எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள். இப்படிப்பட்டவளிடம் என்ன செய்ய முடியும்?

சரி, பாஸ்டரையே பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று ஜெப வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசல் போர்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில இருக்கேன் சிஸ்டர். மூணாவது மாடி. வாங்க, ஜெபிப்போம்."

ஜெபிப்பதா? பஸ்ஸில் போகும்போதே திட்ட வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வெள்ளைச் சட்டை. வார்டில் ஒரு கட்டில் ஓரமாக, ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ நோயாளிக்கு ஜெபிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். கட்டிலில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மா. முடி கொட்டியிருந்தது தெரிந்தது. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க அக்கா ஒங்க ஜெபத்த நம்பி ஒன்பது நாளா மாத்திரை போடல. அவளுக்கு ஏதாவது ஆனா நீங்கதான் பொறுப்பு."

எழுந்து நின்றுவிட்டார். அக்கா பெயரைக் கேட்டார். சொன்னேன். முகம் வெளுத்துப்போனது.

"நான் நிறுத்தச் சொல்லலங்க சிஸ்டர்... ஆனா நிறுத்தாதீங்கன்னும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

உடனே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப நீங்க அன்னிக்கு ஜெபம் பண்ணினது ஐயா?" என்று கேட்டாள் அக்கா.

கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசினார்.

"அது ஜெபம்தாம்மா. நான் கேட்டேன். குடுக்கிறது என் கையில இல்ல. என் வீட்டம்மாவுக்கும்தான் ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். இப்ப அவங்களுக்கு இங்க மருந்து ஏறிக்கிட்டிருக்கு. நீங்க கெளம்புங்க."

போனில் அக்காவின் குரல், ரொம்பச் சின்னதாக: "பாஸ்டரம்மாவுக்கு என்ன?"

கட்டிலில் இருந்தது அவர் மனைவி என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வயிற்றில் புற்றுநோய். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொந்த வீட்டுக்கே நடக்கலியே, நமக்கு எங்க நடக்கும்னு ஜனங்க சோந்துபோயிடுவாங்கன்னு நெனச்சேன்."

அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதோ! கிளம்பினேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இவங்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போறீங்களா? யாருக்கு வேணும்னாலும் எனக்கு வார்த்தை வரும். இவங்களுக்கு வர மாட்டேங்குது."

எனக்கு மட்டும் வருமா? புத்தகம் இல்லாமல் நான் ஜெபித்ததே இல்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். ஆயிரம் தடவை சொன்ன ஜெபம். பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டேன். நம்புவீர்களா? கட்டிலில் இருந்த அந்த அம்மாதான், கண்ணை மூடியபடி, விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்துவைத்தார்.

அன்று மாலையே அத்தான் அக்காவைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்துவிட்டார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சில நாள் ஊசி, மறுபடியும் மாத்திரை. வால்வில் எந்த அடைப்பும் இல்லை.

"ஒன்பது நாள் போடாம ஒண்ணும் ஆகலேன்னா கடவுள் ஒங்க பக்கம் இருந்திருக்காரும்மா" என்றார் டாக்டர். "இன்னொரு தடவ அவர சோதிச்சுப் பாக்காதீங்க."

அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு!" என்றாள்.

அவர் சொன்னது இரண்டு வாக்கியம். இவள் காதில் ஏறியது ஒன்று. நம்மில் பலர் அப்படித்தான், இல்லையா? நமக்கு வேண்டிய வாக்கியத்தோடு காதை மூடிக்கொள்கிறோம். நான் இரண்டாவதை மட்டும் கேட்டேன் என்று அக்கா சொல்கிறாள். அதுவும் சரியாகத்தான் படுகிறது.

நவம்பர் மழையில் பாஸ்டரம்மா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜெபக் கூட்டம் உண்டு என்றாள் அக்கா. அவளோடு நானும் போனேன். தகரத்தின் மேல் மழை. டிரம்ஸ் இல்லை. பாஸ்டர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நோயை மறைத்தது, பொய் சொன்னது, எல்லாம். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

இத்தோடு இந்தக் கொட்டகை காலி என்று நினைத்தேன். இவ்வளவு ஜெபித்தும் சொந்த மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று யாராவது கேட்கப் போகிறார்கள்...

ஒரு நடவுக்காரம்மா எழுந்தார். சேறு கழுவிய கால்கள் இன்னும் ஈரமாக இருந்தன. கோபமாகத்தான் கேட்டார்.

"அத ஏன் எங்ககிட்ட சொல்லல ஐயா? எங்களுக்கெல்லாம் நீங்க ஜெபிப்பீங்க. பாஸ்டரம்மாவுக்கு நாங்க ஜெபிக்கக் கூடாதா?"

அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நடவுக்காரம்மா போய் அவர் தலையில் கை வைத்தார். அடுத்து இன்னொருவர். பிறகு அக்கா. கொட்டகையே எழுந்து அவரைச் சுற்றி நின்றது. என் கைக்கு அவர் தலை எட்டவில்லை. முன்னால் நின்ற ஒரு அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டேன். என்ன ஜெபித்தேன்? ஞாபகமில்லை. நிச்சயமாக வாசிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் குடையைப் பிடித்தபடி அக்கா கேட்டாள்.

"எனக்கு அவரு ஜெபிச்சாரு, நான் இருக்கேன். பாஸ்டரம்மாவுக்கு நீ ஜெபிச்ச, அவங்க போயிட்டாங்க. இத எப்படிடி புரிஞ்சிக்கிறது?"

பாலம் முடிகிற வரை யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள் — எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.