அவள் வாயில் வராத என் பேர்

டிஃபென்ஸ் ஆடும்போது வாய் மூடியிருந்தால் எங்கள் பி.டி. சாருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பேரச் சொல்லிக் கத்துங்கடீ! பொதுவா கத்துனா எவளும் திரும்ப மாட்டா!" என்பார். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பெண்கள் கூடைப்பந்து அணி. பந்தோடு வருகிறவளை மறிப்பது என் வேலை. அப்போது முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது. எதிரணிக்காரி ஒருத்தி ஓசைப்படாமல் வந்து தூண் மாதிரி நின்றுவிட்டால், நான் போய் மோத வேண்டியதுதான். அதற்கு ஸ்கிரீன் என்று பேர். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் கூடைக்கடியில் நிற்கிற எங்கள் சென்டர்.

அவள் என் வகுப்பு, என் ஊர். எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி ஹாரன்கூட அவள் தொண்டையிடம் தோற்றுப்போகும்.

திருவள்ளூரில் அரையிறுதி. முதல் பாதியிலேயே அடுத்தடுத்து மோதி விழுந்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். மற்றவர்களுக்கெல்லாம் பேர் சொல்லிக் கத்தியவள், எனக்கு மட்டும் கத்தவே இல்லை. இடைவேளையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மட்டும் வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "உங்க ஊட்டு ஆளுங்கள பேர் சொல்லிக் கூப்புடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கீது. வாய் வரைக்கும் வருது, அப்பால வர மாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தாத்தா எங்கள் நெல்வயலில் கூலிவேலை செய்தவர், அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அம்மாவும் அப்பாவும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் என் பேரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "இந்தாப்பா" என்பாள், "தோ பாரு" என்பாள். அதை நான் கவனித்ததே இல்லை.

"அப்போ நான் பல்லு ஒடஞ்சி ஊட்டுக்குப் போறேன், உங்கம்மாவுக்கு சந்தோஷமா?" என்றேன்.

ஆட்டம் முடியும் நேரம். ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தோடு ஒருத்தி என்மேல் பாய்ந்து வருகிறாள். பின்னாலிருந்து, மைதானமே அதிர, என் பேர்.

"லெஃப்ட்ல ஸ்கிரீன்டீ! ஒதுங்குடீ!"

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒதுங்கினேன், கையை நீட்டினேன், பந்து வெளியே போனது. நேரம் முடிந்த விசில். ஜெயித்துவிட்டோம்.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கட்டையாக நின்றாள். அவள் கண் போன இடத்தில், கூட்டத்துக்கு நடுவே, கம்பெனி யூனிஃபார்மோடு அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து என்னிடம் வந்தார். என் சட்டையெல்லாம் ரத்தம். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"உன்ன டீ போட்டுக் கத்துனது எவ?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.