பன்னிரண்டு வருடக் குரல்

என் வீட்டுக்காரர் ஓட்வார், பால் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். ஞாயிறு வந்தால் சிநேகிதன் எம்ப்ரிக்குக்கு முன்னால் பனியில் சறுக்கிக்கொண்டே பேசித் தள்ளுவார். "ஏத்தம்! வலது! கிளை வருது, குனி!" எம்ப்ரிக்குக்குக் கண் தெரியாது, இவர் குரல்தான் அவனுக்குப் பாதை. பன்னிரண்டு வருடமாக இதே கதை. எனக்கு வயிறு எரியும்.

முதலில் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள் மட்டும் ஓடிய பந்தயம் அது, கண் தெரியாதவர்கள் வழிகாட்டியோடு சறுக்குவது. பிறகு பின்லாந்துக்காரர்கள் வந்தார்கள், சுவிஸ்காரர்கள் வந்தார்கள். எழுபத்தொன்பதில் கெய்லோ ஊரில் நடக்கப்போகும் உலகப் போட்டிக்கே இதில் ஆள் எடுத்தார்கள். பதக்கம் ஓடுகிறவனுக்கு, வழிகாட்டிக்கு ஒரு கோப்பை காப்பி. அதற்கெல்லாம் இவர் முனகியதில்லை. ஆனால் ஐம்பது வயதில் மூச்சு வாங்கியது. புது வழிகாட்டியாக யோஸ்டைன் என்ற கல்லூரிக்காரனை எம்ப்ரிக் பிடித்துக்கொண்டான்.

"நம்ம பாஷைய அவனுக்குச் சொல்லிக் குடுடா," என்று இவரிடம் சொன்னான்.

இவரும் சொல்லிக்கொடுத்தார், ஒன்றைத் தவிர. இறக்கத்தில் வழிகாட்டி வாயை மூடினால், 'பாதை நேர்தான், வேகமா விடு' என்று அர்த்தம்.

ஆள் எடுக்கும் பந்தயத்தன்று இறக்கத்தின் வளைவில் நானும் இவரும் நின்றோம். மூச்சிரைத்த யோஸ்டைன் வளைவுக்கு முன்னால் பேச்சை நிறுத்தினான். எம்ப்ரிக் வேகத்தைக் கூட்டி நேரே விட்டான். எதிரே மரங்கள்.

"எம்ப்ரிக், இடது!" என்று இவர் அலறினார்.

சட்டென்று திரும்பிவிட்டான். வெளியாள் குரல் கொடுத்ததால் பந்தயத்திலிருந்து அவனை நீக்கினார்கள். உலகப் போட்டி அவ்வளவுதான்.

இவர் முகத்தில் வெளிச்சம். "பாத்தியாடி, என் குரலுக்குத்தான் திரும்பினான்!" இந்தப் பொறாமை பிடித்த மனுஷனை என்ன சொல்வது?

எம்ப்ரிக் வந்தான். "பேசலன்னா நேரேன்னு அவன்கிட்ட சொல்லலியா?"

"மறந்துட்டேன்டா."

"இன்னொரு தடவ சொல்லு."

"மறந்துட்டேன்."

எம்ப்ரிக் தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டான்.

"இந்தக் குரல நம்பி மலையையே எறங்கியிருக்கேன். அது பொய் சொல்லி இன்னைக்குத்தான்டா கேக்குறேன்."

யோஸ்டைனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.