வாலிபால் ரசிகை ஆன கதை

கல்யாணமாகி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வந்த புதிதில், எனக்கு வாலிபால் என்றாலே எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் வந்தால், தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் போகும் ஒரே ஜீப் மைதானத்து ஓரமாக நிற்கும். அதன் டிரைவர் தோட்டத்து அணியில் ஆடுகிறவர்.

"ஆட்டம் முடியட்டும்க்கா, உடனே வண்டிய எடுத்துருவேன்" என்பார்.

மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் அணி சீக்கிரம் ஜெயித்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்வேன். ஆனாலும் வாராவாரம் பார்த்ததில், யார் இடது கையால் அடிப்பார், யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரு மழைக்கால ஞாயிறு, எங்கள் அணி மூன்று செட்டும் வரிசையாகத் தோற்றது. டிரைவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "இன்னைக்கு வெள்ளனவே போயிரலாம்க்கா" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான்.

"அந்தக் கடைசிப் பந்து கோட்டுக்குள்ளதான் விழுந்துச்சு! ரெஃப்ரிக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது மகனோடு தேனியில் இருக்கிறேன். அன்று ஆடியவர்கள் யாரும் இன்று அணியில் இல்லை. இப்போது ஆடும் முகம் தெரியாத பையன்களுக்காக ஞாயிறு சாயங்காலம் தோட்டத்துக்குப் போன் போட்டு, "நம்ம ஆளுக என்ன ஆனாங்க?" என்று கேட்கிறேன். தோற்றுவிட்டார்கள் என்றால் சோறு இறங்குவதில்லை.