என்ஜின் ரூமில் நடந்த கிறிஸ்மஸ்

ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை ஒன்றில் நான் துபாஷியாக இருந்தேன். துரை பேசும் இங்கிலீஷைத் தமிழிலும், ஆலைக்காரர்கள் பேசும் தமிழை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

கிறிஸ்மஸ் வருகிறது என்றாலே ஆலையில் எல்லார் முகமும் சுருங்கும். அன்றைக்கு ஆலைச் சங்கு ஊதாது, வேலை கிடையாது. ஆனாலும் எல்லாரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு துரையின் பங்களா வாசலில் வரிசை கட்டி நிற்க வேண்டும். பழைய துரை ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சுக்குப் போய்விட்டுக் குதிரைவண்டியில் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ஒவ்வொருவர் நீட்டும் பழத்தையும் ஒரு விரலால் தொடுவார். பக்கத்தில் நிற்கும் பட்லர் அதை வாங்கிக் கூடையில் போடுவான். பிறகு ஒரு கை மிட்டாய். அவ்வளவுதான் பண்டிகை. சிரித்த முகத்தோடு போனவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்தத் துரை சீமைக்குப் போனபின், தூத்துக்குடியிலிருந்து இளவயதுத் துரை ஒருவர் வந்தார். மார்கழி பிறந்ததுமே என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் யாரும் வெயிலில் நிற்க வேண்டாம், ஆலை முற்றத்தில் பந்தல் போட்டு எல்லாருக்கும் விருந்து வைக்கப் போகிறேன் என்றார். நான் போய்ச் சொன்னேன். ஹெட் கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஆண்டாள் கோயில் மாட வீதிக்காரர். மார்கழி முழுக்க விடியுமுன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஆலைக்கு வண்டி ஏறுவார்.

"ராவுத்தரே, நின்னுட்டுப் போறதே தேவலை. இவர் உக்காரச் சொல்றார். உக்காந்தா சாப்பிடணுமோன்னோ?"

அவருக்கு மட்டுமா அந்தக் கஷ்டம்? அந்த வருஷம் ரமலானும் கிறிஸ்மஸும் சேர்ந்து வந்தன. எனக்கு நோன்பு. பருத்தி பொறுக்கும் பெண்களுக்கு வேறு பயம். கேக்கில் சாராயம் ஊற்றுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்களில் கிறிஸ்தவர் ஒரே ஒருவர், என்ஜின் டிரைவர். அவரோ விருந்துக்கே வரமுடியாது. பருத்தி வரத்து ஓய்ந்திருந்த அந்த மாதத்தில் என்ஜினைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தார். பண்டிகையன்று அதைச் சும்மா ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை. விடியற்காலை ஜெபத்துக்குப் போய்விட்டு நேரே பாய்லரண்டை வந்துவிட்டார்.

பண்டிகையன்று பந்தல் அழகாகத்தான் இருந்தது. மாவிலை கட்டி, பெஞ்சு போட்டு, வெள்ளைத்துணி விரித்த மேஜையில் கறுப்பு நிறக் கேக்கும் பிஸ்கோத்தும் வைத்திருந்தார்கள். துரையே தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார். பெண்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆண்கள் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். ஹெட் கிளார்க் கும்பிட்டார், எடுக்கவில்லை. நானும் அப்படியே. துரை தட்டோடு நடுப்பந்தலில் நின்றார். ஒருவர் வாயும் அசையவில்லை.

"ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

மறைக்காமல் சொன்னேன். என் நோன்பைச் சொன்னேன், ஹெட் கிளார்க்கின் ஆசாரத்தைச் சொன்னேன், சாராயப் பயத்தையும் சொன்னேன். அவர் கழுத்து சிவந்துபோயிற்று. கோபம் வரும் என்று நினைத்தேன். தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"யாருக்கும் சந்தோஷம் இல்லாத விருந்து எனக்கு எதற்கு? எது கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும் என்று அவர்களையே கேள்."

கேட்டேன். துரையிடம் ஒன்றைக் கேட்டுப் பழக்கமே இல்லாதவர்கள் நாங்கள். கடைசியில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஒருத்தியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். கூமாப்பட்டிப் பக்கத்துக்காரி, முப்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. வெகுகாலமாகப் பருத்தி பொறுக்குகிறவள்.

"சொல்லும்மா" என்றேன்.

"சொன்னா வையக்கூடாது, ராவுத்தரே. அந்தச் சொவத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாக்கணும்."

என்ஜின் ரூமைத்தான் சொன்னாள். அதற்கும் பெண்கள் வேலை செய்யும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு தோல் பெல்ட் வந்து போகும். இந்தப் பக்கம் அத்தனை மெஷினும் அதனால்தான் ஓடின. பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது ஆலை தொடங்கிய நாளிலிருந்து சட்டம்.

"அங்கே என்ன பார்க்க வேண்டும்?" என்று துரை கேட்கச் சொன்னார்.

அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "எங்க வீட்டுக்காரவிய இங்கதான் பாய்லருக்கு வெறகு போட்டாவ. ராத்திரி கஞ்சி குடிக்கையில அதத்தான் பேசுவாவ. தேர்ச்சக்கரத்தவிடப் பெரிய சக்கரம் ஒண்ணு, பாதி தரைக்குள்ள, பாதி வெளிய நிக்கும், ஒருத்தர் கையால திருகுனா அம்புட்டும் சுத்தும்பாவ. நான் நம்பல. போதும் உங்க பொய்யின்னு சிரிப்பேன். ஒருநா வந்து பாரு ஏட்டிம்பாவ. எங்கிட்டுப் பாக்க? பேதியில போயிட்டாவ. பொய்யா நெசமான்னு பாக்கணும், அம்புட்டுத்தேன்."

இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். அவளும் நானும் பின்னால் போனோம். எங்களுக்குப் பின்னால் பந்தலே எழுந்து வந்தது. ஹெட் கிளார்க் மட்டும், "மார்கழியில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் வந்தார்.

டிரைவர் வாசலை மறித்து நின்றார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பழகியவர், நரைத்த மீசை, எண்ணெய் படிந்த கை.

"பொம்பளைகளையா? முந்தானை மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்லுறது? தொரைகிட்டச் சொல்லும், ராவுத்தரே."

நான் அவள் இன்னார் மனைவி என்று மட்டும் சொன்னேன். டிரைவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் புருஷனும் அவரும் ஒரே நெருப்பின் முன்னால் எத்தனையோ நாள் நின்றவர்கள். வாசலை விட்டு விலகினார்.

"முந்தானைய நல்லா இறுக்கிச் சொருகிட்டு வா, தாயி. எதையும் தொட்டுராத."

நான் அந்த அறைக்குள் பலமுறை போயிருக்கிறேன். துரையின் உத்தரவைச் சொல்லிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உடனே வந்துவிடுவேன். அன்றைக்குத்தான் நானும் நின்று பார்த்தேன். துடைத்து எண்ணெய் போட்ட இரும்பும் பித்தளையும் பளபளவென்று இருந்தன. அவற்றுக்கு அப்பால் அந்தச் சக்கரம், பாதி குழிக்குள், பாதி கூரையை முட்டுகிற மாதிரி. ஓடாமல் நின்றிருந்தது. நின்றிருந்ததுதான் பயமாக இருந்தது. பாய்லருக்குள் மட்டும் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து, மறுபாதி இறங்கும் குழியை எட்டிப் பார்த்தாள்.

டிரைவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தார், மெஷின்கள் ஓடாமலிருக்க. சக்கரத்தைக் கம்பி போட்டு நெம்பிச் சரியான இடத்தில் நிறுத்தினார். நீராவி புஸ்ஸென்று சீறியதும் வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவர் நீராவியைத் திறந்துவிடும் திருகில் கை வைத்தார். வைத்தவர் என்ன நினைத்தாரோ, துரையைப் பார்த்தார். துரை தலையசைத்தார்.

"இங்க வா, தாயி. இதப் புடி. மெதுவா. நான் சொல்லும்போது நிறுத்தணும்."

அவள் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். திருகு கொஞ்சம் திரும்பியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். பெரிய மாடு மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் வந்தது. நீளமான இரும்புத்தண்டு ஒன்று தயங்கித் தயங்கி முன்னால் நகர்ந்தது. சக்கரம் அசைந்தது. முதல் சுற்றைச் சுற்றிவர அதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது, பாதியில் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டாவது சுற்றில் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு ஆரக்கால்கள் தெரியவில்லை, புகை மாதிரி ஒரு வட்டம்தான் தெரிந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றது.

பக்கத்தில் பார்த்தேன். ஹெட் கிளார்க் கைகூப்பி நின்றார். கூப்பியிருப்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் என்னையறியாமல் சுப்ஹானல்லாஹ் என்றேன். இதைத் தினமும் காணும் துரைகூடப் புதிதாகப் பார்ப்பவர் போல நின்றார்.

டிரைவர் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு, காதருகே குனிந்து, "நெசந்தானே?" என்று கத்தினார்.

அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. "கொறச்சுல்ல சொல்லியிருக்காவ!" என்று திருப்பிக் கத்தினாள்.

பிறகு பெண்கள் நாலு நாலு பேராக முந்தானையைச் சொருகிக்கொண்டு உள்ளே போய் வந்தார்கள். வெளியே வந்தவர்கள் போகாதவர்களைப் பிடித்துக்கொண்டு கையை விரித்து விரித்துச் சொன்னார்கள். பந்தலில் அவ்வளவு இரைச்சல். அந்த மும்முரத்தில் யாரோ சிலர் கேக்கைத் தின்றும்விட்டார்கள். சாராயம் இல்லை, இனிப்புத்தான் என்று தகவல் பரவியது.

பொழுது சாய்ந்து எல்லாரும் போனபின் நான் உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. வழியிலேயே நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும். தொட்டியருகே டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பாங்கு கேட்டதும் அவரே ஒரு செம்புத் தண்ணீரும், வீட்டிலிருந்து வந்த பலகாரமும் கொடுத்தார். இரண்டு பேரும் கல்லின் மேல் உட்கார்ந்தோம்.

"இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து என் பண்டிகைக்குன்னு ஒருத்தரும் என் வீட்டு வாசல் மிதிச்சதில்ல" என்றார். "கூப்பிட்டா சங்கடப்படுவாவ, நானும் கூப்பிடுறதில்ல. இன்னைக்கு எம்புட்டுப் பேரு வந்தாவ, பாத்தீரா? வந்து, பாத்து, சந்தோசமாப் போனாவ."

"உம்ம வீட்டுக்கா வந்தாக? என்ஜின் ரூமுக்கு" என்றேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மறுவருஷம் துரை கேக் செய்யச் சொல்லவில்லை. அரிசியும் வெல்லமும் வாழைப்பழமும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தார், சமைத்துச் சாப்பிட யாருக்கும் தடையில்லை. என்ஜின் ரூமை மட்டும் அன்று திறந்துவைத்து, என்ஜினை ஓட்டிக் காட்ட உத்தரவு போட்டார். ஆலைக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டே வந்தது. வராமலிருக்க யாரும் சாக்குச் சொல்லவில்லை. டிரைவர் புதுச்சட்டை போட்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று வரவேற்றார்.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், பந்தலில் பழச்சீப்போடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லையா என்று கேட்டேன்.

"புதுசா வந்தவுக பாக்கட்டும், ராவுத்தரே" என்று நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். "செத்த நேரம் இப்பிடி உக்காருங்க. இங்கன இருந்தாலே தரை அதிருது."