எல்லைக் கோட்டைக்குப் போன இராசதுரை அண்ணை

சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நாம் இடம் பார்ப்பதேயில்லை, வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் வேலை. கோடையில் மொன்ட்ரியாலிலிருந்து எங்கள் ஆட்களை லண்டனுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்கொட்லாந்துக்கும் கொண்டுபோகிறேன். வழியில், இரண்டு நாடுகளும் முட்டுகிற இடத்தில், ஒரு பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது.

டோர்வலில்

இராசதுரை அண்ணை மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருப்பவர். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். ஊரில், காங்கேசன்துறைப் பக்கம், சண்டைக் காலத்தில் இராணுவம் பிடித்து வைத்திருந்த அவருடைய காணியை அண்மையில்தான் விட்டிருந்தார்கள். வீட்டில் கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன, நடுவில் மரம் வளர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புது வீடு கட்டலாம் என்று ஊரிலிருக்கிற தங்கச்சி அவசரப்பட்டார். அண்ணை ஓம் என்றால் அந்தக் கிழமையே புல்டோசர் வந்துவிடும்.

அவரால் ஓம் சொல்ல முடியவில்லை. அவருடைய மூத்த மகள் ஷெல்லடியில் செத்தது அந்த வீட்டின் முன் அறையில். விமானத்துக்குக் காத்திருக்கும்போது இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. அண்ணை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை, தங்கச்சி இடிக்கட்டோ எண்டு கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?"

ஒரு சொல் தவறியதால்

பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "நாளைக்கு எல்லைக்குப் போறம்" என்று சொல்லித் தொலைத்தேன். இராணுவச் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வந்த எங்கள் ஆட்களிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? காலையில் பார்த்தால் எல்லோர் கையிலும் பாஸ்போர்ட். ஒரு அக்கா தாலிக்கொடியைக் கழற்றி உள்ளே ஒளித்திருந்தார்.

கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கிற வெள்ளைக்காரப் பெண்ணிடம் இராசதுரை அண்ணை தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. புல் மேய்கிற செம்மறிகளைத் தவிர அங்கே வேறு காவல் இல்லை. அண்ணை நம்பவில்லை. "அப்ப ஆமிக்காரர் எங்க நிக்கினம்?"

யார் இடித்தது?

சரித்திரம் எனக்கு மனப்பாடம். ஒரு அரசன் கட்டுவான், மற்றவன் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டுப் பறிப்பான், பிறகு இவன் திருப்பிப் பிடிப்பான். கடைசியாகப் பிடித்தவர்கள், எதிரி திரும்பி வந்து இருக்கக் கூடாதென்று தாங்களே இடித்தார்கள். மிச்சக் கல்லை ஊர்ச்சனம் மாட்டுக்கொட்டில் கட்ட அள்ளிக்கொண்டு போனது.

வழக்கமாக நான் இதைச் சொல்லத் தொடங்கினாலே பாதிப் பேர் படம் எடுக்கப் போய்விடுவார்கள். உங்களுக்குத் தெரியாததா! அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தாலிக்கொடி அக்கா மெல்லச் சொன்னார்: "எங்கட வீட்டு யன்னலும் இப்ப வேற ஆற்றையோ வீட்டிலதான் இருக்கும்."

சாந்து பூசியவர்

மேல் சுவரில் ஏணி வைத்து ஒருவர் சாந்து பூசிக்கொண்டிருந்தார். திருப்பிக் கட்டப் போகிறார்களா என்று கேட்கச் சொன்னார் அண்ணை. கேட்டேன். கட்ட மாட்டோம், கூரையும் போட மாட்டோம், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி இன்னும் விழாமல் பார்ப்பதுதான் வேலை என்றார் அந்த மனிதர். தமிழில் சொன்னேன். அண்ணை சுவரில் கையை வைத்தபடி நின்றார்.

பிறகு தானே போனை எடுத்துத் தங்கச்சிக்கு அடித்தார். அழுதுகொண்டுதான் கதைத்தார், ஆனால் குரல் தடுமாறவில்லை: "புது வீட்டைக் கிணத்தடிப் பக்கம் கட்டு தங்கச்சி. பிள்ளை கிடந்த அறையை இடிக்க வேண்டாம். கூரையும் போடாத. மழை இறங்காமல் சுவருக்கு மேல பூசி மட்டும் விடு."

இடிந்த கல்லைக் காட்டிப் பிழைக்கிறவள்தான் நான், ஆனாலும் அன்றைக்கு மட்டும் "நேரம் போகுது, பஸ்ஸில ஏறுங்கோ" என்று கத்த எனக்கு வாய் வரவில்லை.